மலைக்கோயிலுக்குப் போகிறவர்களை என் காட்டு வழியாக விட்டால் நிலத்து உரிமை போய்விடுமா?

மேட்டாங்காடு எழுதியது:

வணக்கம். தாராபுரம் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. தாத்தா காலத்துச் சொத்து. அப்பா தவறிய பிறகு போன வருஷம்தான் என் பெயருக்குப் பட்டா மாறியது. மேற்கு எல்லையைத் தாண்டினால் ஒரு கரடு, அதன் உச்சியில் சின்னதாக ஒரு பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்று வட்டார ஜனங்கள் எங்கள் காட்டுக்குள் புகுந்துதான் மேலே ஏறுவார்கள். கிழக்கு வேலியில் வேப்ப மரத்தை ஒட்டி ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு முள் கட்டாமல் ஒரு கடவு விட்டிருக்கும். அது தாத்தா விட்டது. வருஷா வருஷம் வேலி கட்டும்போது அந்த இடத்தை மட்டும் அப்பா தொட்டதே இல்லை. அங்கிருந்து கரட்டடி வரைக்கும் ஒற்றையடித் தடம், சோளம் விதைத்தாலும் அந்தத் தடத்தில் மட்டும் முளைக்காது, அவ்வளவு இறுகிக் கிடக்கும்.

இரண்டு வருஷமாக நிலைமை கொஞ்சம் மாறிவிட்டது. யாரோ அந்தக் கரட்டை வீடியோ எடுத்துப் போட்டதிலிருந்து கோயம்புத்தூர், திருப்பூர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் 30 பேர், 40 பேர் என்று வருகிறார்கள். பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான், அம்மா மரத்தடியில் ஒரு பானையில் தண்ணீர் வைத்துவிடுகிறார், குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அவர்கள் நடப்பதில் ஒரு சங்கடமும் இல்லை. உண்மையைச் சொன்னால் பிடித்திருக்கிறது.

ஆனால் மூன்று பக்கமிருந்தும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமா, "12 வருஷம் விட்டால் எதிரிடை அனுபவம் என்று இடமே போய்விடும், இப்பவே கம்பி வேலி போடு" என்கிறார். ஊராட்சித் தரப்பில், "கோயிலுக்குப் போகிற வழிதானே, சிமென்ட் ரோடு போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். கரட்டை ஒட்டிப் பின்பக்கம் 3 ஏக்கர் வைத்திருப்பவர் அதை மனை போட்டு விற்கப் பார்க்கிறார், அவர் வந்து "தடத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து மட்டும்" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஜனங்கள் நடக்கட்டும், ஆனால் நாளைக்கு என் பிள்ளைகள் கையில் லாரி போகிற ரோடு ஓடுகிற காடு வந்து சேரக் கூடாது. இரண்டுக்கும் வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கிணத்தடி எழுதியது:

தம்பி, அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாட்டு வண்டி போக எங்கள் வரப்பை அகட்டி விட்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், காகிதம் ஒன்றும் கிடையாது. 22 வருஷம் கழித்து அவருடைய மகன் தோட்டத்தை விற்றார். வாங்கியவர் முதல் வாரமே ஜேசிபி கொண்டுவந்து வரப்பை 20 அடிக்கு அகலமாக்கினார், எங்கள் பக்கத்தில் 2 தென்னை போயிற்று. முன்சீப் கோர்ட்டில் ஆறு வருஷம் நடந்தோம். கடைசியில் வண்டித் தடம் அவருக்கு உண்டு, ஆனால் பழைய அகலம்தான் என்று தீர்ப்பு வந்தது. இடம் போகவில்லை, பட்டா இன்றைக்கும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரப்பை இனி எந்தக் காலத்திலும் அடைக்க முடியாது. அப்பா அன்றைக்கு ஒரு வெள்ளைத்தாளில் "நான் சம்மதித்து விட்டிருக்கிறேன், வேண்டும்போது நிறுத்துவேன்" என்று நாலு வரி எழுதி அவருடைய கையெழுத்தையும் வாங்கியிருந்தால் இந்த ஆறு வருஷம் மிச்சம்.

வாய்தா வராண்டா எழுதியது:

சிவில் வழக்குகளில் 17 வருஷமாக வேலை செய்கிறேன். பாதை வழக்குதான் எங்கள் ஊர்க் கோர்ட்டில் பாதி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மாமாவின் பயம். எதிரிடை அனுபவத்துக்கு 12 வருஷம் என்பது சரி, காலவரையறைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒருவர் உங்கள் நிலத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு, உங்களை ஒதுக்கிவிட்டு, தன் கைவசம் வைத்திருக்க வேண்டும். நடந்து போவது கைவசம் ஆகாது. தடத்தில் போகிற யாரும் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர் ஆக முடியாது. போகக்கூடியது வேறு: அடைக்கும் உரிமை. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் அதன் மேல் இன்னொருவருக்கு வழிப்பாத்தியம், அதாவது அந்த வழியே போகும் உரிமை, ஏறிவிடும். கிணத்தடி அண்ணன் வீட்டில் நடந்தது அதுதான்.

இதைச் சொல்வது 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மென்ட் சட்டம். அதில் 15-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒருவர் 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, சண்டை சச்சரவில்லாமல், தனக்குள்ள உரிமை என்ற முறையில் வழியை அனுபவித்திருந்தால் அது அவருடைய பாத்தியமாகிவிடும். இதில் "உரிமை என்ற முறையில்" என்பதுதான் உயிர். உங்கள் அனுமதியோடு நடந்தால் அது உரிமை என்ற முறையில் நடந்தது ஆகாது. அதே பிரிவின் முதல் விளக்கமே இதைச் சொல்கிறது: உடன்பாட்டின் பேரில் அனுபவித்து, அது பாத்தியமாகக் கொடுக்கப்படவில்லை என்று அந்த உடன்பாட்டிலேயே தெரிந்தால், அந்த வருஷங்கள் கணக்கில் சேராது. ஆகவே ஜனங்களை நடக்க விடுவதால் ஆபத்து வருவதில்லை, ஒன்றும் சொல்லாமல் இருப்பதால் வருகிறது. எங்களிடம் வருகிற பாதி வழக்குகளில் நிலத்துக்காரர் நல்ல மனுஷராக இருந்து வாயைத் திறக்காமல் இருந்தவர்தான்.

அனுமதிக்கு அதே சட்டத்தில் 52-ஆம் பிரிவிலிருந்து தனி அத்தியாயமே இருக்கிறது, லைசென்ஸ் என்று பெயர். கொடுத்தவர் திரும்பப் பெறலாம். வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. நீங்கள் நிலத்தை விற்றால், வாங்குகிறவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. உங்கள் பிள்ளைகளுக்காக நீங்கள் கேட்டது கிட்டத்தட்ட இதுதான். ஆனால் 60-ஆம் பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. அனுமதி பெற்றவர் அதை நம்பிச் செலவு செய்து நிரந்தரமான வேலை எதையாவது செய்துவிட்டால் அப்புறம் நீங்கள் அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. சிமென்ட் ரோடு நிரந்தர வேலை. அதோடு, ஊராட்சிப் பணத்தில் ரோடு விழுந்து அவர்கள் சாலைப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது பொதுச் சாலை, ஊராட்சியின் வசம் என்றுதான் பேச்சு தொடங்கும், நீங்கள்தான் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார்கள், இருந்தாலும் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லி ஒப்புகை வாங்கி வையுங்கள். மண் தடமாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளும் பின்பக்கத்து நிலக்காரரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஈஸ்மென்ட் என்பது ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் இருக்கிற பாத்தியம். திருப்பூரிலிருந்து வருகிற பிள்ளைக்கு உங்கள் பக்கத்தில் நிலம் இல்லை, ஆகவே அவருக்கு 15-ஆம் பிரிவு உதவாது. பின்பக்கத்துக்காரருக்கு நிலம் இருக்கிறது. அவருக்கு வேறு வழியே இல்லாமல், ஒரு காலத்தில் இரண்டும் ஒரே சொத்தாக இருந்து பிரிந்திருந்தால், 13-ஆம் பிரிவில் அவசியம் கருதிய பாத்தியமும் கேட்கலாம். அதனால் தாய்ப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், "மாமூல் தடப்பாத்தியம்" என்று ஏதாவது வாசகம் இருக்கிறதா, இருந்தால் ஆள் நடக்கவா, கால்நடை ஓட்டவா, வண்டி போகவா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கும். ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் அவர் கைக்குப் போனால் அது மனைப்பிரிவுக் கோப்பில் அணுகுசாலை என்று போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்து ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுங்கள் என்று வருவார்கள். அதைப் பதிந்து கொடுத்துவிட்டால் தடத்தளவு நிலம் போயே போய்விட்டது, அங்கே உங்கள் மாமா சொன்னது பலிக்கும்.

லெஸ்டர்வாசி எழுதியது:

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், பிறந்தது பழனி. இங்கே வயல் நடுவில் நடப்பதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஆட்டுப் பட்டிக்குள்ளேயே நுழைந்து, கதவைச் சாத்திவிட்டு, அடுத்தவர் வயலுக்குப் போவோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இங்கேயும் 20 வருஷக் கணக்குதான். 1980-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டம், 31-ஆம் பிரிவு. பொதுமக்கள் 20 வருஷம் உரிமையாக நடந்திருந்தால் அது பொதுப்பாதையாக அர்ப்பணிக்கப்பட்டதாகக் கொள்வார்கள், நிலத்துக்காரருக்கு அப்படி எண்ணமே இல்லை என்று சான்று இருந்தால் தவிர. அந்தச் சான்றை உண்டாக்கிக்கொள்ள அந்தச் சட்டமே வழி கொடுக்கிறது: பலகை வைக்கலாம், அல்லது வரைபடத்தோடு ஒரு வாக்குமூலத்தைக் கவுன்சிலில் தாக்கல் செய்யலாம், "இதில் குறித்த பாதைகள் தவிர வேறு எதையும் நான் பொதுமக்களுக்கு அர்ப்பணிக்கவில்லை" என்று. இங்கிலாந்தில் அதை 20 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் கதவில் ஒரு சின்னத் தகரப் பலகை இருக்கிறது: உரிமையாளரின் அனுமதியோடு நடக்கலாம், பொது வழியுரிமை எதையும் உண்டாக்கும் எண்ணம் இல்லை. அவ்வளவுதான், யாருக்கும் அதில் மனவருத்தம் இல்லை. சிலர் வருஷத்தில் ஒரு நாள் கதவைப் பூட்டிவிடுவார்கள். நீங்களும் ஒரு நாள் அடைத்துவிட்டால் 20 வருஷக் கணக்கு அறுந்துவிடுமே?

வாய்தா வராண்டா எழுதியது:

லெஸ்டர் அண்ணா, அந்தக் கடைசி வரியில் மட்டும் நம் ஊர்ச் சட்டம் மாறுகிறது, பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 15-ஆம் பிரிவின் இரண்டாவது விளக்கப்படி, தடுத்ததை அனுபவிப்பவர் தெரிந்துகொண்டு ஒரு வருஷம் அதற்கு அடங்கி இருந்தால்தான் அது தடை. ஒரு நாள் பூட்டினால் 20 வருஷம் அறுந்து போகாது. ஆனாலும் அது வீண் என்று சொல்ல மாட்டேன். "வருஷா வருஷம் நாங்கள் அடைத்தோம், யாரும் கேட்கவில்லை, மறுநாள் நாங்களாகத் திறந்துவிட்டோம்" என்பது அனுமதியில்தான் நடந்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சியம். அடைக்கிற நாளில் தேதி விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்தால் போதும்.

பலகை யோசனை நம் ஊருக்கும் பொருந்தும். ஆனால் பலகையோடு நிறுத்தாதீர்கள். நம் சட்டத்தில் லைசென்ஸ் என்பது ஒருவருக்கோ, குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள ஆட்களுக்கோ கொடுப்பது. பொதுவாக ஊருக்கெல்லாம் என்று சொல்வதைவிட, கோயில் விழாக் குழுவினர் நாலைந்து பேர் பெயர் போட்டு ஓர் அனுமதிக் கடிதம், கீழே அவர்கள் கையெழுத்து, வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக. மலையேற வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு குழு இருந்தால் அவர்களிடமும் இப்படியே. பலகை மற்றவர்களுக்கு.

அப்புறம், தடத்தை ஒட்டிக் கிணறு, பாறைக் குழி ஏதாவது இருக்கிறதா? 57-ஆம் பிரிவு: நிலத்தில் ஆபத்தான குறை இருந்து அது உங்களுக்குத் தெரியும், அனுமதி பெற்றவருக்குத் தெரியாது என்றால், நீங்கள் சொல்லியாக வேண்டும்.

நொச்சிமேடு எழுதியது:

எல்லாரும் அடைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக ஒரே வழி, அது ஒருவர் பட்டாக் காட்டின் ஓரமாகப் போகும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே முள் வெட்டிப் போட்டுவிட்டார்கள். அது கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் திறந்திருக்கும் காடுதான். பாட்டி இறந்த அன்று பாடையை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் மழையில், அப்பாவும் சித்தப்பாவும் பேசிப் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓடைக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் தூக்கிப் போனார்கள். எனக்கு அந்தத் தண்ணீரின் நிறம்கூட நினைவிருக்கிறது.

அனுமதி என்று எழுதும்போது யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்பது நிலத்துக்காரர் கைக்குப் போய்விடுகிறது. நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பலகையில் "யாவரும்" என்ற சொல் இருக்கட்டும். மற்றவர்கள் நடக்கிற பொது இடத்துக்கான வழக்கமான வழியை எங்கள் ஆட்களுக்கு மட்டும் மறுத்தால் அது 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், அதையும் இதைப் படிக்கிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஜனம் 60, 70 வருஷமாகப் புரட்டாசிக்கு நடக்கிற வழி என்றால் அது ஏற்கெனவே அவர்கள் வழிதான் என்றுதான் எனக்குப் படுகிறது.

வாய்தா வராண்டா எழுதியது:

நொச்சிமேடு அக்கா சொன்னது சட்டப்படியும் கனமான பேச்சு. வழக்காற்றால் வருகிற பாத்தியத்துக்கு 18-ஆம் பிரிவு இருக்கிறது, நிலம் எதையும் சாராத பொதுமக்களின் வழக்காற்று உரிமை இந்தச் சட்டத்தால் பாதிக்கப்படாது என்று 2-ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. தாத்தா காலத்திலிருந்து ஊர் நடக்கிற நடையை இன்று வைக்கிற பலகை பின்னோக்கிப் போய் அனுமதியாக்க முடியாது. மேட்டாங்காடு, என் யோசனை, அதை மறுக்கவே முயலாதீர்கள். புரட்டாசிக்கு ஜனங்கள் நடக்கிற வழி உங்கள் தாத்தா ஊருக்குக் கொடுத்தது, அதன் அகலம் ஓர் ஆள் அளவு. அந்த அளவை நீங்களே வரைபடத்தில் குறித்து வைத்தால்தான் அது 20 அடி ஆகாமல் இருக்கும். திடீரென்று கம்பி வேலி போட்டால் கோட்டாட்சியரிடம் பொதுவழி அடைப்பு என்று மனு போகும், உங்கள் நல்ல பெயரும் போகும்.

வேலைக்கு முன் கிராமத்து நிலக் கணக்கான அ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் பாருங்கள். தடம் அதில் பாதைப் புறம்போக்கு என்று தனியாக இருந்தால் நாம் பேசியது அத்தனையும் வீண், அது உங்கள் நிலமே இல்லை.

மேட்டாங்காடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்தேன். அ பதிவேட்டில் எங்கள் புல எண் முழுக்கப் பட்டா, பாதைப் புறம்போக்கு இல்லை. கிராம வரைபடத்திலும் புள்ளிக் கோடு கிடையாது. தாய்ப் பத்திரம் 1961-இல் எழுதியது, அதில் பின்பக்கத்து நிலத்துக்குத் தடப்பாத்தியம் இருக்கிறது, ஆனால் அது வடக்கே இட்டேரி (இரண்டு வேலிகளுக்கு நடுவே போகிற பழைய தடம்) வழியாக, "ஆள், கால்நடை, வண்டி" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இட்டேரி இப்போது முள் மண்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அவரிடம் பத்திர நகலைக் கொடுத்து, இட்டேரியைச் சுத்தம் செய்ய நானும் பாதிக் கூலி தருகிறேன் என்று சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் மறுபடி கையெழுத்து கேட்கவில்லை. ஊராட்சிக்கு ரோடு வேண்டாம் என்று கடிதம் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கிவிட்டேன்.

கிணறு கேட்டீர்களே. இருக்கிறது. தடத்திலிருந்து பத்தடி தள்ளி, தாத்தா வெட்டிக் கைவிட்ட கிணறு, சுற்றுச்சுவர் இல்லை, சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. எங்களுக்குத் தெரியும் என்பதால் எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. உங்கள் பதிலைப் படித்த அன்று சாயங்காலம் போய் நின்று பார்த்தேன், இருட்டில் ஒரு பிள்ளை சிறுநீர் கழிக்க ஒதுங்கினால் நேராக உள்ளேதான். மறுநாளே ஆள் வைத்து முள்ளை வெட்டி, கல்லுக்கால் நட்டு நாலு வரிசைக் கம்பி கட்டிவிட்டோம். அதற்கு மட்டும் வேலி.

விழாக் குழுவில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். பெரியவர் ஒருவர், "உன் தாத்தன் வாயால சொன்னதை நீ தாள்ல எழுதற, அவ்வளவுதான்" என்றார். ஓர் ஆள் அகலம், நாலடி, கடவிலிருந்து கரட்டடி வரை என்று வரைந்து கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்: "இது பட்டா நிலம். கோயிலுக்கான பொதுப்பாதையில் யாவரும் நடந்து செல்லலாம். வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வலப்பக்கம் கிணறு உள்ளது, தடத்தை விட்டு விலக வேண்டாம். தண்ணீர் மரத்தடியில்."

வாய்தா வராண்டா எழுதியது:

கிணற்றுக்கு வேலி கட்டியது எல்லாவற்றையும்விட நல்ல வேலை. பலகையில் இரண்டாவது வரியை மாற்றுங்கள். "பொதுப்பாதை" என்ற சொல்லை உங்கள் கையாலேயே எழுதிவிட்டால் நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பலகையைத்தான் முதல் ஆவணமாகக் காட்டுவார். "உரிமையாளரின் அனுமதியோடு இத்தடத்தில் யாவரும் நடந்து செல்லலாம்" என்று போடுங்கள். கீழே தேதியும் இருக்கட்டும்.

நொச்சிமேடு எழுதியது:

தண்ணீர் வரியை மட்டும் மாற்றாதீர்கள்.